ஒரு விரல் கூடுதல்

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த மூட்டைகள் வெட்டுமேசையின் அடியில் அடுக்கப்பட்டிருந்தன. மேசைமீது ஒரே ஒரு கோட்டு மட்டும் விரிக்கப்பட்டிருந்தது. ஊழியர்களுக்காகத் தைத்த வெளிர்நீலக் கோட்டு அது. அதைக் கண்ட கட்டிங் மாஸ்டருக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. நெடுநாளாக எதிர்பார்த்திருந்த செய்தி ஒருவழியாக வந்துசேர்ந்துவிட்டது என்பதைப் போல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தொளதொளன்னு இருக்காம் மாஸ்டர்,” என்றார் முதலாளியம்மா. “ஒரு கோட்டுக்குள்ள ரெண்டு பேர் போய் நிக்கலாம்னு போன்ல சிரிக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“தப்பு என்னோடதுதாம்மா.”

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே!”

“கேக்க வேண்டாம்மா. என்னோடதுதான். அன்னைக்குச் சொன்ன மாதிரியே என்னை இஸ்திரிக்கு மாத்திடுங்க.”

இன்னொரு முறை தவறினால் வெட்டுமேசையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவரைத் துணி தேய்க்கும் பக்கம் அனுப்ப நேரிடும் என்று அந்த அம்மாள் எச்சரித்தது உண்மை. எச்சரிக்கப்பட்டவரே அதை நினைவூட்டுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோட்டின் காலரை நீவிக்கொண்டு நின்றார்.

அந்த எச்சரிக்கைக்குக் காரணமான முதல் தவறு இதுதான். வழக்கமாகத் துணியை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கும்படி இரண்டிரண்டாக விரிப்பார்கள். அப்படி விரித்தால் ஒரே வெட்டில் இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு ஒன்றுமாகச் சட்டைக்கை கிடைக்கும். ஒருநாள் சட்டைகளுக்கு வெட்டியபோது எல்லாத் துணியும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரிக்கப்பட்டிருந்தது. அப்போது பாதியை வெட்டியபின், துணிமீது வைத்துக் கோடு போடும் அளவு அட்டையைப் புரட்டிப் போட்டு மீதியை வெட்ட வேண்டும். மாஸ்டர் புரட்ட மறந்தார். அத்தனையும் இடக்கைகள்! ஒரு சட்டைக்கும் வலக்கை இல்லை.

வேறு துணி வாங்கி வலக்கைகளை வெட்டிக் கொடுத்தாயிற்று. வாடிக்கையாளருக்கு விஷயமே தெரியாது. ஆயினும் அன்று மாலைக்குள் அவருக்கு ‘இடதுகை’ என்னும் பெயர் வந்துவிட்டது. ஒரு மனிதன் தலை நரைக்கும்வரை பிசகாமல் வெட்டியதற்கு எவரும் பெயர் சூட்டவில்லை. ஒரு பிற்பகல் தவறியதற்கு உடனே சூட்டினார்கள். இந்த அநியாயத்தை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தவர்களுள் முதலாமவர் மாஸ்டரே என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. அவர் சிரித்திருக்கக் கூடாது.

அதன்பின் முதலாளியம்மாவின் மருமகள் மேற்பார்வைக்கு வந்தாள். மாஸ்டர் சாக்கட்டியால் கோடு போட்ட பிறகு அவள் ஒருமுறை பார்ப்பாள். அவள் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். கவனம் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். ஒருவனுடைய கண்ணுக்குப் பின்னால் இன்னொரு கண்ணை நிறுத்திவிட்டு அதைக் கவனம் என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்? முன்னால் இருக்கும் கண் நாளடைவில் பார்ப்பதையே நிறுத்திவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை சென்ற மாஸ்டர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கலானார். பேருந்தில் ஏறியபின் பலகையிலிருந்த எண்ணை நடத்துனரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

“அந்தப் பூட்டு உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுச்சு?” என்றாள் அவர் மனைவி. “தினமும் அதைப் பிடிச்சு இப்படி ஆட்டுறீங்க?”

“பூட்டினேனான்னு தெரியலை.”

“பூட்டினீங்க. நான் பார்த்தேன்.”

“நீ பார்த்தது நேத்தா இருக்கும்.”

தன் வார்த்தைக்கும் சந்தேகம் தொற்றிவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த பை கனத்தது. அதைக் கை மாற்றிக்கொண்டு, அவர் பூட்டை ஆட்டி முடிக்கும்வரை தெருவில் நின்றாள்.

அந்த நிலையில்தான் மருத்துவமனைக் கோட்டுகள் வந்தன. மாதிரிக்கு ஒன்று தைத்து அனுப்பினார்கள். அளவு சரி என்று ஒப்புதலும் வந்தது. மறுவாரம் முதலாளியம்மா புதிய அளவு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். பழையது ஓரம் நைந்துவிட்டது என்றார். மாஸ்டர் அதைக் கையில் எடுத்தவுடன், ‘இது பெரிது’ என்று அவர் கண் சொன்னது. பழைய அட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. எடுத்து இதன்மீது வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அவர் எடுக்கவில்லை. சட்டைக்கைகளை அப்படிப் பார்த்த கண்தானே இது, இதன் பேச்சையா கேட்பது என்று எண்ணினார். பெரிதாகத் தெரிந்தால் ஒருவேளை சிறியதாக இருக்குமோ என்றும் அஞ்சினார். அட்டையின் ஓரத்தைவிட்டு ஒரு விரல் தள்ளிக் கோடு போட்டார்.

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோடு இன்னும் விலகியிருப்பது போலத் தோன்றியது. ‘நான்தான் இப்படிப் போட்டிருக்க வேண்டும்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வெட்டினார்.

இப்போது அந்தக் கோட்டு மேசைமீது கிடந்தது.

“ஒரு விரல் கூட விட்டேம்மா,” என்றார் மாஸ்டர். “யார்கிட்டயும் சொல்லாம விட்டேன். சின்னதாப் போயிடுமோன்னு பயம்.”

தையல்காரர்களுள் மூத்தவர் எழுந்து வந்தார். உடம்பு மெலிவு, நாக்கு கூர்மை. ஆகையால் அவரை ஊசி என்றே எல்லாரும் அழைத்தனர். கோட்டை எடுத்துத் தாமே அணிந்துகொண்டார். தோள் முழங்கைக்கு வந்தது, கைவிரல்கள் காணாமற்போயின.

“ஏன் மாஸ்டரே, உங்க விரல் என்ன வாழைத்தண்டா?” என்றார். “ஒரு விரலுக்கு இம்புட்டா? இதுக்குள்ள என் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுச் சினிமாவுக்கே போயிடலாம் போல இருக்கே!”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊசி கோட்டைக் கழற்றி, பக்கத் தையலைப் பிரித்தார். பிறகு ஆணியில் தொங்கிய பழைய அட்டையை எடுத்து அந்தத் துண்டின்மீது வைத்தார். துணி ஓரம் அட்டையைத் தாண்டி நீண்டு கிடந்தது. ஒரு விரலை வைத்துப் பார்த்தார், போதவில்லை. இன்னொன்றையும் வைத்தார், அப்போதும் துணி மிஞ்சியது.

“அட்டையில ஒரு விரல் இருக்கும்,” என்றார் முதலாளியம்மா. குரல் இறங்கியிருந்தது. “நான்தான் கூட்டி வரைஞ்சேன். மாஸ்டர் சின்னதா வெட்டிட்டா என்ன பண்றதுன்னு... நைஞ்சு போச்சுன்னு சொன்னது பொய்.”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ‘பெரிது’ என்று சொன்ன தம் கண்ணை நினைத்துக்கொண்டார் போலும்.

மருமகள் சுவரோரம் நின்றிருந்தாள். “மாஸ்டர் போட்ட சாக்கட்டிக் கோட்டை நானும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன் அத்தை,” என்றாள். “சின்னதாப் போனா, ‘நீ என்னத்தப் பார்த்தே’ன்னு என்னைத்தானே கேப்பீங்க? அவர் போட்ட கோட்டை அழிச்சிட்டேன்.”

“சபாஷ்! குடும்பமே கை வச்சிருக்கு,” என்றார் ஊசி.

“நீங்க?” என்று மாஸ்டர் அவரைக் கேட்டார். அந்த அறையில் நெடுநாளுக்குப் பிறகு அவர் ஒருவரைக் கேட்ட கேள்வி அது.

ஊசி தலையைச் சொறிந்தார். “இடதுகை வெட்டினதாச்சே, எதுக்கு வம்புன்னு... தையலை ஓரத்துலயே ஓட்டிட்டேன். உள்ள பிடிக்க வேண்டியதைப் பிடிக்கலை. எனக்கு மட்டும் என்ன மாஸ்டரே, சிங்கத்து நெஞ்சா?”

வெளியே சரக்கு வண்டி ஒன்று பின்னோக்கி நகரும் ஓசை கேட்டது. ஒருவரை ஒருவர் நம்பாத நால்வர், ஆளுக்கு ஒரு விரலாகச் சேர்த்து ஓர் ஆளையே விழுங்கும் கோட்டைத் தைத்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரேனும் வாய் திறந்து கேட்டிருந்தால் மூட்டைகள் திரும்பியிரா. கேட்பதற்கு வெட்கம், சொல்வதற்கு அச்சம்.

முதலாளியம்மா இன்னொரு முக்காலியில் உட்கார்ந்தார். “என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம்தான் இந்தக் கூடத்துக்குள்ளயே கால் வச்சேன். எனக்குத் துணியப் பத்தி என்ன தெரியும் மாஸ்டர்? நீங்க தப்புப் பண்ணா கண்டுபிடிக்கத் தெரியாது. நீங்க சரியாப் பண்ணாலும் கண்டுபிடிக்கத் தெரியாது. அதான் பயந்து பயந்து எல்லாத்துலயும் கொஞ்சம் சேத்துடறேன்.”

“பெருசாப் போனதைச் சின்னதாக்கிடலாம்மா,” என்றார் ஊசி. “நாங்க பிரிச்சுக் கொடுக்கறோம். பழைய அட்டைய வச்சு மறுபடி வெட்டணும். வெட்டுறதுதான்...”

அவர் முடிக்கவில்லை. மறுபடி வெட்டும்போது சிறுத்துவிட்டால் மீட்க வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

“இஸ்திரிக்குப் போறேன்னு சொன்னேனே,” என்றார் மாஸ்டர்.

“போங்க. வேண்டாங்கலை,” என்றார் முதலாளியம்மா. “ஆனா இதை முடிச்சுட்டுப் போங்க. உங்களுக்குப் பதிலா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தா அவரையும் நான் நம்பமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.”

அவர் புதிய அட்டையை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

தையல்கள் பிரிக்கப்பட்டன. மாஸ்டர் துணிகளை முகத்தோடு முகம் சேர்த்து விரித்தார்; பழைய அட்டையை வைத்தார்; கோடு போட்டார். அட்டையின் ஓரத்தை ஒட்டியே சாக்கட்டி நகர்ந்தது. முடிந்ததும் சற்றே விலகி நின்று பார்த்தார். மீண்டும் பார்த்தார்.

“அம்மா, ஒரு தடவை வந்து பார்த்துடுங்களேன்.”

“மாட்டேன்.”

“மருமகளையாவது பார்க்கச் சொல்லுங்க.”

“அவளும் பார்க்கமாட்டா. பார்த்தா கை சும்மா இருக்காது மாஸ்டர். எனக்கும் இருக்காது.” அவர் மருமகளை அழைத்துக்கொண்டு வெளியே சென்றார். கதவை மட்டும் சாத்தவில்லை.

வெட்டும் இயந்திரத்தின் பிடியைப் பற்றியபடி மாஸ்டர் நின்றார். கோடு சரி என்று கண் சொன்னது. சரி என்று அது சொன்னதாலேயே அவருக்குப் பயம் வந்தது. நம்பிக்கை பிறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். தம்மோடு வாதாடி வாதாடி அவர் களைத்துவிட்டார். போட்ட கோட்டை இன்னொரு முறை அளக்கும் அளவுக்குக்கூட உடம்பில் தெம்பில்லை. விசையை அழுத்தினார். கத்தி துணிக்குள் இறங்கிச் சென்றது.

முதல் அடுக்கை வெட்டி முடித்ததும் மேலேயிருந்து கோட்டுக்கைக்கான இரண்டு துண்டுகளை எடுத்தார். ஒன்றைத் தம் இடக்கையில் சுற்றிப் பார்த்தார். மற்றதை வலக்கையில் சுற்றினார், பொருந்தியது. மறுபடியும் இடக்கையில் சுற்றிப் பார்த்தார்.

“என்ன மாஸ்டரே, கை ரெண்டும் இருக்கா?” என்று கேட்டார் ஊசி, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

“இருக்கு.”

“அப்போ அடுத்ததை எடுங்க. பொழுது போகுது.”

துண்டுகளை அவர் பக்கம் தள்ளிவிட்டு மாஸ்டர் குனிந்தார். மேசைக்கு அடியில் மூட்டைகள் இன்னும் நிறைய இருந்தன.