பச்சை முகம்

2008-இல் சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்த எங்கள் கால் சென்டருக்கு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. பேசுகிற குரலைக் கேட்டே மனசைச் சொல்லிவிடுமாம். கோபம் என்றால் திரை ஓரத்தில் சிவப்பு முகம், அன்பு என்றால் பச்சை முகம். எதிரே நிற்பவர் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத எங்கள் டீம் லீடர் லக்ஷ்மிநாராயணன், அந்தப் பொம்மை முகத்தை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார்.

எனக்கு எப்போதும் சிவப்புதான். நான் கானத்தூர் மீனவக் குப்பத்துப் பெண். அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று எங்கள் குப்பத்தில் கொஞ்சுவதைக்கூடக் கத்தித்தான் கொஞ்சுவோம். குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து. மீன் விற்கிற என் அம்மா அஞ்சம்மாள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். இதையெல்லாம் அந்த மேதாவி சாஃப்ட்வேருக்கு யார் சொல்வது?

ஒருநாள், சிம் கார்டு வேலை செய்யாமல் அழுத ஒருத்தியிடம், "அழுவாதக்கா, நான் கீறேன்ல!" என்றேன். "நீ நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டு அவள் போனை வைத்தாள். என் திரையில் முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

என் வேலையை நிரந்தரமாக்குவதா, என்னை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும் நாளும் வந்தது. லக்ஷ்மிநாராயணன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பொன்னி, இது மீன் மார்க்கெட் இல்ல. உங்கம்மா மாதிரி கத்தாம, கொஞ்சம் டீசன்ட்டா பேசுங்க."

அம்மாவை இழுத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஹெட்செட்டைக் கழற்றி அவர் மண்டையில் போடலாம் போலிருந்தது. குரல் தானாகத் தாழ்ந்தது.

"ரொம்ப நன்றிங்க சார். இனிமே அப்படியே பேசறேன் சார்."

திரையில் பச்சை முகம் பல்லைக் காட்டியது.

"பார்த்தீங்களா, உள்ளுக்குள்ள எவ்வளவு அன்பு!" என்று லக்ஷ்மிநாராயணன் பூரித்துப் போனார்.

அந்தக் கோபத்தை ஆறவிடாமல் அன்று முழுக்கப் பேசினேன். எல்லா அழைப்பும் பச்சை. சாயங்காலம் கைகுலுக்கி, வேலை நிரந்தரம் என்றார்கள்.

வீட்டில் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேல பர்மனென்ட் ஆயிடுச்சும்மா" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது.

"இன்னாடி, எம்மேல இன்னா கோவம்? நான் இன்னா பண்ணேன்?"

கத்திச் சிரித்து அவளைக் கட்டிக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன்.

"உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்லங்கம்மா" என்று அதே தாழ்ந்த குரல்தான் வந்தது.

அம்மா ஓரடி பின்னால் போனாள்.