வலது மணிக்கட்டு

மூன்று முறை ஃபெயிலானவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது போதாதென்று, அவர் எனக்கு அண்ணியாகவும் இருக்க வேண்டுமா? அண்ணி நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. இன்று லைசென்ஸ் வாங்கினால்தான் அது நிலைக்கும். பதினொரு மணிக்கு டெஸ்ட்.

நான் நாத்தனார் மட்டுமில்லை, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவளும்கூட. என் வண்டியில் ஏசி செத்து ஒரு மாதமாகிறது. "உன் சென்ட் தலையைப் பிளக்குது, அதான் தடுமாறுறேன்" என்று அண்ணி சொன்னதை நம்பி, வெயிலுக்கு ஏற்றதாக இரண்டு சின்னக் குப்பிகள் வாங்கிவந்தேன். எது சரிப்படுமென்று பார்க்க, கடைசிப் பயிற்சிக்கு வலது மணிக்கட்டில் மல்லிகை, இடதில் ஆரஞ்சுப் பூ.

மல்லிகை முதலில் பச்சை இலை மாதிரி மணத்தது, சூடு ஏற ஏற இனித்தது. ஆரஞ்சுப் பூவோ அப்போதுதான் சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி, கூடவே ஆரஞ்சுத் தோலின் லேசான கசப்பு. எனக்கு இரண்டுமே பிடித்துத் தொலைத்தது.

முதல் வளைவிலேயே அண்ணி பிரேக்கை மிதித்தார். "ஐயோ, இந்த மல்லிகை வேண்டவே வேண்டாம்!"

ஓரங்கட்டி, ஈரத்துணியால் அழுந்தத் துடைத்து, வலதில் ஆரஞ்சுப் பூ, இடதில் மல்லிகை என்று கை மாற்றி அடித்துக்கொண்டேன். அடுத்த வளைவு. மறுபடி பிரேக். "இதுவும் வேண்டாம்!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என்னதான் வேணும் அண்ணி? மூக்கைக் கழட்டி வச்சுட்டு ஓட்டுங்க!"

அண்ணி ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசனை கிட்ட வந்தாலே, ஸ்டியரிங்கைப் பிடிக்க உன் கை வருதுன்னு அர்த்தம். உடனே கால் தானா பிரேக்குக்குப் போயிடுது."

சுருக்கென்றது. அவர் பக்கம் இருப்பது என் வலது கை. எந்தப் பூவை அடித்தாலும் பாய்ந்து பிடிப்பது அதுதான். பழைய சென்ட்டை அநியாயமாகக் குறை சொல்லியிருக்கிறோம். வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, "ஓட்டுங்க" என்றேன்.

நாலு வளைவு, ஒரு ரவுண்டானா. ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தபோது என் விரல்கள் சீட்டைப் பிறாண்டின. அண்ணி அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிப் போனார்.

டெஸ்ட் மைதான வாசலில் அண்ணி மணிக்கட்டை நீட்டினார். "மல்லிகையை என் கையில அடி. இனி இந்த வண்டியில வர்ற வாசனை என் கையோடதா இருக்கட்டும்."

அரைமணி நேரம் மதிலோரம் நின்று நகம் கடித்தேன். வண்டி வந்து கோட்டுக்குள் அழகாக நின்றது. அதிகாரி இறங்கி, தாளில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அண்ணி கண்ணாடியை இறக்கினார். "ஏறு, வீட்டுக்குப் போகலாம். ஆனா பின்னாடி உட்காரு."