ரோகிணி எழுத மறுத்த வரி

தெலுங்கு பேசும் பகுதியான குஷாய்குடாவில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருஷமாக அறிவியல் டீச்சர் ரோகிணி. அன்று ஏழாம் வகுப்பை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். ஆளுக்கொரு குவிலென்ஸ், ஒரு துண்டு கறுப்புக் காகிதம். வெயிலைப் புள்ளியாகக் குவித்தால் காகிதம் புகையும் என்று செய்து காட்டினாள். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். அந்நேரம் ஆயா வந்து, ஆபீஸில் ஏதோ கையெழுத்து வேண்டுமாம் என்றாள். ஐந்து நிமிஷம்தானே என்று ரோகிணி இறங்கிப் போனாள்.

லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்லுவாள். அன்றைக்கு விட்டுப்போயிற்று.

அந்த வகுப்பில் நித்யஸ்ரீ என்ற பெண் அப்படிப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தபோது வலது கண்ணில் எழுத்துகளின் நடுவே கறுப்பாக ஏதோ நின்றது. விழித்திரையின் மையம் வெந்துவிட்டது, அந்தப் பார்வை இனித் திரும்பாது என்றார் டாக்டர்.

பிரின்சிபால் பத்மஜா ரோகிணியை அழைத்து விளக்கக் கடிதம் கேட்டாள். முன்கூட்டியே எச்சரித்ததாக ஒரு வரி சேர்த்தால் பள்ளியும் தப்பும், அவளும் தப்பலாம் என்றாள். வீட்டில் கணவன் ராகவேந்திராவும் அதையேதான் சொன்னான்.

ரோகிணி இரண்டு நாள் யோசித்தாள். மிஸ் எதுவும் சொல்லலை என்று அந்தப் பெண் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அந்த வரியை எழுதினால், கண்ணும் போய், பொய்க்காரி என்ற பேரும் அவளுக்குத்தான். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தின் நகலோடு மௌலா அலி பகுதியில் நித்யஸ்ரீயின் வீட்டுக்குப் போனாள். அப்பா வேணுகோபால் வாசலில் நின்றபடியே படித்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"உண்மையைச் சொன்னதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லணுமா?" என்றார்.

"வேண்டாம் சார். அவ பொய் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியணும்."

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டான்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அவர் முதுகுக்குப் பின்னால் நித்யஸ்ரீ வந்து நின்றாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ரோகிணியைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை, புடவைதான் தெரிகிறது என்று தெலுங்கில் சொன்னாள். குரலில் கோபம் ஒன்றுமில்லை. ரோகிணிக்கு அதுதான் தாங்கவில்லை.

வேணுகோபால் மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

அந்த வருஷம் ரோகிணி ஆறு பள்ளிகளில் விண்ணப்பித்தாள். பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். சொன்னாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.