அட்டையில் நீல் ஹார்வுட்

“அட்டையிலை என்ரை பேரைப் போடுங்கோ, கரிகாலன் அண்ணை.”

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் கேட்டேன். சொன்னவர் நீல் ஹார்வுட். நாற்பது வருடமாக லண்டனில் யார் அழைத்தாலும் போய் பேஸ் கிற்றார் வாசிக்கிற ரொக் கலைஞர். “பேர் கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள்” என்றார். அவர் கேட்டதில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கரிகாலன் அண்ணையின் ஒலிப்பதிவுக்கூடம் பாரிஸில், மார்க்ஸ் டோர்மோயில், ஒரு கடைக்குக் கீழே இருக்கிறது. 2011இல் தன் பாட்டு இசைத்தட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வேண்டுமென்று நீலை அழைத்தார். இரண்டு பாட்டு வாசித்ததும் நீலின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் லண்டனுக்கு ரயிலேறிப் போனார். மிச்சம் ஏழும் வாசித்தது நான்.

சில வாரங்களுக்குப் பின், கணினித் திரையில் இசைத்தட்டின் அட்டை, அச்சுக்குப் போகத் தயாராக. ஒன்பது பாட்டுக்கும் நீலின் பேர். கீழே காசு தந்த அனுசரணையாளர்கள்.

“இடமில்லை, யசோதினி.”

“கொத்துரொட்டிக் கடைக்கு இடமிருக்கு.”

“அவை அனுசரணை. நீ எங்கடை பிள்ளை. எங்கடை பிள்ளைக்கு என்னத்துக்குப் பேர்?”

“வாசிச்சதுக்கு.”

“படிச்சாப் பிறகு உனக்கு வாய் கூடிப்போச்சு.”

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அதற்கு வைத்த விருந்தில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவர் இவர்.

“கோவிக்காதை. இதைக் கேள்.” ஐந்தாவது பாட்டைப் போட்டார். தவில் ஓய்ந்து, ஒரு மூச்சு விட்டு, பேஸ் இறங்குகிற இடம். கண்ணை மூடிக்கொண்டார். “இது நாற்பது வருசக் கை. உனக்கு இன்னும் காலம் கிடக்கு.”

அந்த இடத்தை நான் பதினொரு தடவை வாசித்துப் பிடித்தேன். அன்றைக்கு நீல் லண்டனில், கையில் கட்டோடு.

“அண்ணை, நீல் வாசிச்சது முதல் ரெண்டும்தான்.”

கண்ணைத் திறந்தார். பேரை மாற்ற அரை நிமிடம் போதும்.

“ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார். “ஞாயிறு வெளியீட்டு விழாவிலை வந்து வாசி. மேடையிலை சொல்லிவிடுறன்.”

“ஞாயிறு நான் லண்டனிலை. நீலுக்குக் கை இன்னும் சரிவரேல்லை. ஒரு கச்சேரியிலை தன்ரை இடத்துக்கு என்னைக் கேட்டவர்.”

“ஓமெண்டு சொல்லிப்போட்டியோ?”

“இனித்தான் சொல்லோணும். முடிவெடுத்தது நீங்கள் கண்ணை மூடின நேரம்.”

கிற்றார்ப் பையைத் தோளில் மாட்டினேன்.

“அப்ப விழாவுக்கு ஆர் பேஸ்?”

“அட்டையிலை இருக்கிறவரைக் கூப்பிடுங்கோ.”

படியேறி வெளியே வந்து, லண்டனுக்குப் பயணச்சீட்டு எடுக்க கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்தேன்.