பொருத்தம் கேளாத பதினொரு லோட் மண்

2025 ஜூன் 17, செவ்வாய். இன்றைய பிழை: ஸகியா மாமியின் வீடு கடலை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது. நாடா வழுக்கியதாக நினைத்து, போன கிழமை எழுதிய எண்ணையே மறுபடியும் எழுதிவிட்டேன்.

பஹ்மிதா தன் நாட்குறிப்பில் அன்று முதல் வரியாக எழுதியது இதுதான். கல்முனையில் மாலை நேரப் பொறியியல் வகுப்பு நடத்தியவர், மாணவர்கள் தினமும் குறிப்பெழுத வேண்டும் என்றும், முதல் வரியில் அன்றைய பிழையும் கடைசி வரியில் மறுநாள் வேலையும் இருக்க வேண்டும் என்றும் விதித்திருந்தார். மற்றவர்கள் பிழை தேடிக் களைத்து, பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று எழுதி ஒப்பேற்றினார்கள். இருபத்துமூன்று வயதான பஹ்மிதாவுக்கோ முதல் வரி ஒரு நாளும் போதவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள் அவள்.

பகலில் அவள் வேலை செய்தது, சாய்ந்தமருதுக்குத் தெற்கே ஒலுவில் போகும் வழியில், விண்கல உந்துபொறிகளைச் சோதிக்கவென்று எழும்பிய நிலையத்தில். செய்மதியை அதன் பாதையில் தள்ளிவைக்கும் சிறிய பொறி அது, ஒரு முழ நீளம். அதைப் பெரிய கொங்கிறீட் கட்டையில் படுக்கை வசமாகப் பூட்டி, முன்னால் விசையளவியை வைத்து, செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு ஏழு வினாடி எரிப்பார்கள். நானூறு நியூற்றன் காட்ட வேண்டும். முதல் எரிப்பில் பொறி உறுமியது, சுவாலை நீலமாக நீண்டது, வேலியிலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன, அளவி பூச்சியம் காட்டியது. அளவியை மாற்றினார்கள். அடுத்த கிழமையும் பூச்சியம். வெளிநாட்டிலிருந்து மூன்றாவதை வரவழைத்தார்கள். அதுவும் பூச்சியம். குழாய்களைக் கழற்றினார்கள், கம்பிகளைச் சோதித்தார்கள், மென்பொருளை அழித்து மறுபடியும் ஏற்றினார்கள். விசை ஸகியா மாமியின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஸகியா தையல் வகுப்பு நடத்துகிறவர், வயது ஐம்பத்தாறு. கடல் ஊருக்குள் வந்த வருடம் பழைய வீட்டை இழந்தார். கரையிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்து, கரையின் ஓரத்தைக் காட்டக் கடற்கல் நட்டபோது, அந்தக் கல்லிலிருந்து தையல் நாடாவால் தானே குனிந்து குனிந்து அளந்து, 65.40 மீற்றரில் வாசற்படி வைத்துப் புதுவீடு கட்டினார். மேலதிகமாக நாற்பது சென்ரிமீற்றர் எதற்கு என்று கேட்டவர்களிடம், தைக்கிற துணிக்கு உள்மடிப்பு விடுவதில்லையா என்று திருப்பிக் கேட்டார்.

நிலையத்தின் கொங்கிறீட் கட்டையை வார்க்கும் காலத்தில் ஆற்று மண்ணுக்கு அனுமதி வரச் சுணங்கியது. ஒப்பந்தக்காரர் றமீஸ், ஸகியா தன் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்குச் சம்மாந்துறை போயிருந்த மூன்று நாளில், அவருடைய வீட்டின் பின்வளவில் பதினொரு லோட் மண்ணை அள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்த ஸகியா பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

"நிரப்பித் தாறன் மாமி," என்றார் றமீஸ், மண் அள்ளிய ரெக்டரில் இருந்தபடியே.

"மண் கிடக்கட்டும். ஒரு சொல்லுக் கேட்டியா?"

றமீஸுக்கு அவசரம். போய்விட்டார். அந்த ஊரில் ஒருவர் பொருளை அவர் அறியாமல் எடுத்தால், நேரில் போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். உரியவர் மனமறிந்து 'பொருந்திட்டன்' என்று சொல்லும்வரை அது எடுத்தவனுக்குச் சேராது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விடயம், ஒன்பது பாகமாகத் தைத்திருந்த நிலையத்தின் பாதுகாப்பு அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லை.

ஒவ்வோர் எரிப்புக்குப் பிறகும் அருகிலுள்ள வீடுகள் அசைந்தனவா என்று அளந்து பதிவேட்டில் ஒப்பமிடுவது பஹ்மிதாவின் வேலை. முதல் கிழமை 65.17 வந்தபோது தன் கையைச் சந்தேகித்து, எரிப்பு தொடங்குமுன் அளந்த 65.40 என்றே எழுதினாள். இரண்டாம் கிழமை 64.94 வந்தது. போன கிழமை 65.40 என்று எழுதியிருக்கும்போது இது எப்படிச் சரியாகும் என்று கண்ணைச் சந்தேகித்தாள். மூன்றாம் கிழமை புது நாடா வாங்கினாள். நான்காம் கிழமை புது நாடாவையும் சந்தேகித்தாள். இப்படியாக வீடு ஐந்து சாண் போனது, பதிவேட்டில் ஐந்து தரமும் 65.40 என்றே நின்றது. வீடு போகும்போது சற்றுத் திரும்புவதை அறிந்த மாமி மட்டும் செவ்வாய்தோறும் தொழுகைப் பாயைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆறாம் கிழமை வருமுன் கரையோரக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். 64.25. தடைசெய்த எல்லைக்குள் அனுமதியின்றிக் கட்டிய வீட்டைப் பதினான்கு நாளில் உடைத்து அகற்ற வேண்டும் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். விசாரணைக்கு, நிலையத்தை நடத்திய கம்பனியின் சட்டத்தரணி பதிவேட்டோடு வந்தார். வீடு நகரவில்லை என்பதற்கு ஐந்து ஒப்பம் இருக்கிறது, ஆகவே இந்த அம்மாதான் கடல் பக்கமாகக் கட்டியிருக்கிறார் என்றார்.

"நானா?" என்றார் ஸகியா. "கூரையோட, அடுப்போட, கொடியில காயப்போட்ட சாரியோட நான் இழுத்துட்டுப் போனனாக்கும்? கம்பனிக்கு நல்ல மூளை இரிக்கி."

விசாரணை நடத்திய கந்தோர் அதிகாரி ஆதம்பாவா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். பஹ்மிதா நாட்குறிப்போடு எழும்பினாள். ஐந்து செவ்வாய்க்கிழமைகளின் முதல் வரிகளையும் வாசித்தாள்.

"அப்ப பதிவேட்டில பொய் எழுதினது நீங்கதான்?" என்றார் சட்டத்தரணி.

"ஓம் சேர். அஞ்சு தரம்."

"பொய் எழுதுற ஆள்ற கொப்பிய எப்பிடி நம்புறது?"

அதே கேள்வியை அவளும் இரவெல்லாம் தன்னிடம் கேட்டிருந்தாள். ஸகியாதான் சொன்னார்: "பொய் எழுதுறவள் முதல் வரியில தன்ட பிழையயா எழுதுவாள்?"

நிலையத்தின் தலைமைப் பொறியியலாளர் மசூர், கண்டிப் பக்கத்தவர், எழும்பி, தங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஆணியும் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று விளக்கத் தொடங்கினார்.

"பொருத்தினீங்க தம்பி," என்றார் ஸகியா. "பொருத்தம் கேட்டீங்களா?"

மசூர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் செவ்வாய். ஆதம்பாவா மாமியின் வாசற்படியில் கையில் தேத்தண்ணியோடு இருந்து பார்த்தார். பத்து மணிக்குத் தூரத்தில் உறுமல் கேட்டது. வீடு ஒரு சாண் போய் நின்றது. கோப்பையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, படிவத்தில் 'கட்டடத்தின் தன்மை' என்ற இடத்தில் 'நகர்வது' என்று எழுதி, நகர்ந்து ஓயும்வரை நோட்டீஸை நிறுத்தி வைத்தார். அன்று பின்னேரம் கம்பனி பஹ்மிதாவை வேலையிலிருந்து நீக்கியது. காரணம், பதிவேட்டில் பொய் எழுதியது. முதல் நாள்வரை அந்த ஐந்து பொய்களையும் கையில் தூக்கிப்பிடித்து ஒரு பொம்பிளையின் வீட்டை உடைக்க நின்றவர்கள், மறுநாள் அதே பொய்களுக்காக அவளைத் துரத்தினார்கள். கடிதத்தில் 'நேர்மை' என்ற சொல் நான்கு தரம் வந்திருந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள்.

அவள் நேரே மாமியிடம் போனாள். "என்ட பிழைக்குப் பொருத்தம் கேக்க வந்தன் மாமி."

"போ புள்ள, உன்ட என்ன பெரிய பிழை," என்றார் ஸகியா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் தையல் மிசினை நிறுத்தினார். "பொருந்திட்டன் மகள். உன்ட பங்குக்கு மட்டும். அவனுகள்ற பங்கு கிடக்கு."

அடுத்த செவ்வாய் விசையளவி முதன்முறையாக எட்டு நியூற்றன் காட்டியது. வீடு நகர்ந்தது ஒரு சாணுக்கு அரைச் சென்ரிமீற்றர் குறைவு. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. நானூறில் எட்டு எவ்வளவோ, ஒரு சாணில் அந்த அரைச் சென்ரிமீற்றரும் அவ்வளவு. வீடு விசையை எடுக்கிறது என்பதை அதன்பின் நிலையத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காமல் என்ன செய்தார்கள் என்பதுதான் சொல்லவே வயிறெரிகிற சங்கதி. நானூறு மீற்றர் தூரத்திலிருந்த ஒரு மனிசியிடம் போய் ஒரு சொல் கேட்பதற்குப் பதிலாக, சூத்திரத்தில் ஒரு மாறிலியைச் சேர்த்தார்கள். அதற்கு 'ஸ' என்று பெயரும் வைத்தார்கள். வீடு ஒரு சாண் போனால் நானூறு என்று எழுதிக்கொள்ளலாம், அளவி எதற்கு என்றார்கள். வீடு கடலுக்குள் போன பிறகு எதை அளப்பது என்று மசூர் கேட்டார். அதற்குள் சோதனைகள் முடிந்துவிடும் என்றது தலைமையகம். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்றது சட்டப் பிரிவு. கடைசியில், 'ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் வந்தது. ஒப்பம் இல்லை, இறப்பர் முத்திரை மட்டும் இருந்தது. அந்தச் செவ்வாய் வீடு ஒன்றரைச் சாண் போனது. 63.45.

ஓகஸ்ட் 11, திங்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு மசூர் வாகனத்தை விட்டுவிட்டு நடந்து வந்தார். பின்னால் றமீஸ், தலையைக் குனிந்தபடி. வேலை போன பிறகும் மாமிக்காக அளந்துவந்த பஹ்மிதா வாசலில் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கம்பனி வந்திரிக்கா, நீங்க வந்திரிக்கீங்களா?" என்று கேட்டார் ஸகியா.

"நான்தான் மாமி. கம்பனி வராது. வந்தது தெரிஞ்சா எனக்கும் வேல இருக்காது."

"அப்ப கேளுங்க."

இருவரும் பள்ளத்தருகே நின்று கேட்டார்கள். கேட்டு முடிக்க ஒரு நிமிடம் பிடிக்கவில்லை. ஒன்றரை வருடமாகச் செய்யாமல் விட்ட காரியம் அவ்வளவுதான்.

"நான் பொருந்திட்டன்," என்றார் ஸகியா. "வீடு பொருந்திச்சா எண்டு எனக்குத் தெரியா. நாளைக்குப் பாப்பம்."

அன்று பஹ்மிதா எழுதினாள். இன்றைய பிழை: மசூர் சேர் பொருத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். தீரவில்லை.

நாளைய வேலை: பத்து மணி எரிப்புக்கு முன்னும் பின்னும் கடற்கல்லிலிருந்து வாசற்படி வரை அளக்க வேண்டும். மாமியின் தையல் நாடாவாலும் ஒரு தரம். நாடா காட்டுவதை எழுத வேண்டும்.