பிரிஞ்சாத்தான் கரண்டு

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வரிதான் காதால் கேட்டது. 2007 மாசி மாதம், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னாள்: "பிரிஞ்சாத்தாங்க கரண்டு வரும்." அவன் பதில் பேசவில்லை. ஆமத்தூர் தாண்டியும் பேசவில்லை. சிவகாசியில் இறங்கிப் போய்விட்டார்கள். அவன் ஏன் பேசவில்லை என்ற அரிப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். பெயரும் வீடும் மற்ற எல்லாமும் நான் கொடுத்தவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பட்டாசுத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்து, இருளைக் கிழித்து ஒளியை ஆராயப் புறப்பட்ட...

(வேண்டாம். கல்லூரி ஆண்டு மலர் வாடை அடிக்கிறது.)

மறுபடியும். ரோஜா நாரணாபுரத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து அவளைப் படிக்கவைத்தார்கள். பிளாஸ்டிக் மாதிரியான பொருள்களை வைத்து வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சியை பெங்களூரில் முடித்திருந்தாள். கணவன் காளீஸ்வரன் சிவகாசியில் அச்சு மெஷின் ஓட்டுகிறான். கல்யாணமான புதிதில் அவனும் பெங்களூர் போய் ஓர் அச்சகத்தில் சேர்ந்தான். ஒரு மாதத்தில் திரும்பிவிட்டான். "அங்கன ஒருத்தரும் என்னைய பேரு சொல்லிக் கூப்பிடல." அவ்வளவுதான் அவன் சொன்ன காரணம். பிறகு செல்போனில்தான் குடும்பம் நடந்தது.

இப்போது அவளுக்கு ஜெர்மனியில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஊருக்கு வந்திருக்கிறாள். பேருந்தில் சொல்ல வாயெடுத்தவள், ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிச் சமாளித்துவிட்டாள்.

3

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடிக்கு அவனை அழைத்துப் போனாள். கையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. நடுவே நாவற்பழக் கறை போல ஒரு மெல்லிய பூச்சு. மீட்டரின் இரண்டு வயரையும் மாட்டி வெயிலில் வைத்தாள். எண் அரை வோல்ட்டுக்கு ஏறி நின்றது.

"இங்க் தடவுன மாதிரில்ல இருக்கு! இதுக்குள்ள கரண்டு எங்கன இருந்து வருது?"

"வெளிச்சம் பட்டதும் ஒரு எலெக்ட்ரான் எந்திரிச்சுரும். அது இருந்த எடம் காலியாயிரும். ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு விடாது. சோடியாவே அலையும்."*

"அலைஞ்சு?"

"கொஞ்ச நேரத்துல எலெக்ட்ரான் காலி எடத்துலயே திரும்ப விழுந்துரும். கரண்டு கெடையாது, வெறுஞ் சூடுதான். அதுனால எலெக்ட்ரான் மேல ஆசை சாஸ்தி உள்ள இன்னொரு பொருளையும் கலந்து பூசுவோம். ரெண்டு பொருளும் தொடுற எடத்துக்கு சோடி வந்துட்டா, எலெக்ட்ரானை அது இழுத்துக்கிடும்."

"அம்புட்டுத்தானா?"

"இல்லைங்க. எல்லை தாண்டுனப்பெறகும் ரெண்டும் பாத்துக்கிட்டேதான் நிக்கும். அங்கருந்தும் சில சோடி திரும்பிரும். முழுசாப் பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் போனாத்தான் கரண்டு."

அவன் சில்லின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தான். எண் சரிந்தது.

"எந்த ஊரு?" என்று கேட்டான்.

"ஜெர்மனி. ரெண்டு வருசம்."

* இந்தச் சோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர். அது அலையக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். சிலிக்கானில் இந்தப் பாடெல்லாம் இல்லை. அறை வெப்பமே பிரித்துவிடும். சிலிக்கானை வைத்து இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது.

4

காளீஸ்வரன்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு பிரதியில் அவன் கத்தினான்; அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னொன்றில் பெருந்தன்மையாக ஒரு பக்கம் பேசினான். அவனுக்கே அது பிடித்திருக்காது. இந்தப் பிரதியில் கையை எடுத்துவிட்டு, "போயிட்டு வா" என்கிறான்.

ரோஜாவுக்குச் சுருக்கென்றது. அவன் "போகாத" என்று சொல்லியிருந்தாலும் அவள் போகத்தான் போகிறாள். ஆனாலும் அந்த ஒரு சொல் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைப் பெட்டியில் வைத்து ஜெர்மனிவரை எடுத்துப் போயிருப்பாள். அந்த வாரம் முழுவதும் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அவன் முகத்தையே பார்த்தாள். இருக்கன்குடியில் மாரியம்மன் முன்னால் கண்ணை மூடாமல் நின்று, பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்தது. என்ன வேண்டினான் என்று

(தெரியாது. எழுதுகிறவனுக்கே தெரியாது.)

5

ஒரு முடிவு: அவள் போகவில்லை. பொய், நம்மைத் தேற்றிக்கொள்ள எழுதியது. இன்னொன்று: இரண்டு வருடம் கழித்துத் திரும்பினாள், சுபம். அதற்குள் என்னால் எட்டிப் பார்க்க முடியவில்லை.

எழுத முடிந்தது இவ்வளவுதான். விருதுநகர் ஸ்டேஷன், சாயங்காலம், சென்னை ரயில். பெட்டியை ஏற்றிவிட்டு அவன் ஜன்னலோரம் நின்றான்.

"சாப்பிட்டுக்கிடு."

"நீங்களும்."

வண்டி நகர்ந்தது. அவனும் கூடவே நடந்தான். நடை ஓட்டமானது. பிளாட்பாரம் முடியும் இடத்தில் என்னவோ சொன்னான். அந்நேரம் ஹாரன் அடித்தது. அவள் கம்பியில் கன்னத்தை அழுத்தி, "என்னங்க? என்ன சொன்னீக?" என்று கத்தினாள்.

அவன் வாயில் எந்தச் சொல்லை வைத்தாலும் என் குரலாகவே கேட்கிறது. அதனால் நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. வண்டி வேகமெடுத்துவிட்டது.