ஐரிஷ் பாட்டன் கிடைக்காமல் கலியாணம் இல்லை

“அயர்லாந்துலேருந்து பப்பியே, அத்தாட்சிக் காயிதம், வராம என் பொண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. கிடையாதுன்னா கிடையாது!”

“அது வர்றதுக்குள்ள அவளுக்குத் தலை நரைச்சிடும். அப்புறம் அந்தக் காயிதத்தையே அவளுக்குக் கட்டி வைங்க!”

பாரிஸில் நம் லா சப்பல் கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இராஜதுரையின் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே காயை மறுபடி மறுபடி முறுக்கிப் பார்த்தார்கள். இந்தத் தெருவில் சும்மா கிடைப்பது இது ஒன்றுதான், யார் விடுவார்கள்?

பதிலுக்குக் கத்திய தெரேஸுக்கு நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் போய்விட்டிருந்தது. மகள் ஆலீஸுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. விமான நிலையத்தில் வேலை பார்க்கும் அந்துவான், புறநகர் கூசேன்வில்லிலிருந்து தன் அப்பா லாசரையும் கூட்டிக்கொண்டு வந்து பெண் கேட்டது எண்பத்து நாலில். இப்போது எண்பத்தாறு. அவர்களும் புதுச்சேரிக்காரர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை அதே கோயில்தான். ஆனால் தெரேஸின் கணவர் கபிரியேல், “சூசைநாதன்னு ஒரு குடும்பப் பேரா? நாம ஒப்ரியான்!” என்று சொல்லிவிட்டார்.

இருநூறு வருஷத்துக்கு முன்னே பிரெஞ்சுப் பட்டாளத்தோடு புதுச்சேரியில் வந்திறங்கிய ஐரிஷ் சிப்பாய் ஒருவன்தான் தன் மூதாதை என்பது கபிரியேலின் கட்சி. அவர் முகத்தில் அந்தச் சிப்பாய் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று நாமும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டோம். அவன் எந்த ஊர், எந்தக் காணி என்று எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் லாசர் வீட்டோடு பேச்சு என்றார். ஆலீஸ் சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அப்பா கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடக்காவிட்டால் தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று அவளுக்கும் ஒரு பிடிவாதம். நடுவில் மாட்டிக்கொண்டவள் தெரேஸ்.

போன கோடையில் மூவரும் கப்பலேறிக் கிளேர் என்ற ஐரிஷ் மாவட்டத்துக்குப் போனார்கள். தூறலில் நின்று கல்லறைக் கற்களைத் துடைத்ததில் தெரேஸின் கைக்குட்டை பாசி பிடித்ததுதான் மிச்சம். பங்குச் சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அது தொடங்குவதே சிப்பாய் போய் அறுபது எழுபது வருஷம் கழித்து. நிலவரிப் பதிவு அதற்கும் பிந்தியது. அதிலோ பக்கத்துக்குப் பக்கம் ஒப்ரியான். உருளைக்கிழங்குக் காணிக்கு ஓர் ஒப்ரியான், பன்றிப்பட்டிக்கு ஓர் ஒப்ரியான். இதில் எவனைப் பிடிப்பது? சாமியார் தேநீர் கொடுத்துப் பக்குவமாகச் சொன்னதை ஆலீஸ் மொழிபெயர்த்தாள்: “மேலேருந்து இறங்கி வராதீங்களாம்ப்பா. நம்மகிட்டேருந்து ஏறணுமாம். அப்பா, அவருக்கு அப்பா, அப்படி.”

“எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?” என்று கபிரியேல் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

இன்று காலை கிளேரின் பக்கத்துப் பங்கிலிருந்தும் கைவிரித்துப் பதில் வந்துவிட்டது. அடுத்த கோடையிலும் அயர்லாந்து என்று கபிரியேல் இராஜதுரை கடையில் வைத்து அறிவித்ததில்தான் இந்த வெடி.

“சரி, அந்தச் சாமியார் சொன்னபடியே ஏறுவோம்,” என்றாள் தெரேஸ். “உங்க அப்பா?”

“ழோசெப் ஒப்ரியான்.”

“அவருக்கு அப்பா?”

“லூயி ஒப்ரியான்.”

“அவருக்கு அப்பா?”

கபிரியேல் தராசைப் பார்த்தார்.

“நான் சொல்றேன். சவரிராயன். அவருக்கு அப்பா ராயப்பன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் செத்தவங்க பேரைப் பூசைக்கு எழுதிக் குடுக்கிறது நான்தானே? எங்கங்க போனான் உங்க சிப்பாய்?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. கலியாணமான நாளிலிருந்து எழுதிய பேர்கள். ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

“அண்ணை, குறை நினையாதேங்கோ,” என்றார் இராஜதுரை. “தேப்பனுக்கு ஒரு பேர், மகனுக்கு வேறை பேரோ?”

“அது எங்க ஊரு வழக்கம் தம்பி,” தெரேஸ் முந்திக்கொண்டாள். “ பிரெஞ்சுச் சட்டத்துக்கு வர்றேன்னு அந்தக் காலத்துல மெரியில, நகராட்சி ஆபீசுல, கையெழுத்துப் போட்டா, குடும்பப் பேரு ஒண்ணை நாமளே எடுத்துக்கணும். எங்க தாத்தா, அவரு வேலை பார்த்த ஜட்ஜு பேரை எடுத்தாரு. இவரு தாத்தா லூயி இந்த ஒப்ரியானை எங்க பார்த்தாரோ!”

“சாராயப் பெட்டியிலையோ?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“வாயை மூடு!” என்றார் கபிரியேல். யாரைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. வெறுங்கையோடு மெட்ரோவைப் பார்த்து நடந்துவிட்டார்.

“அக்கா, முருங்கைக்காய்?”

“போடு தம்பி. நல்லா முத்தலா பார்த்துப் போடு. மெல்லட்டும்.”

கபிரியேல் அதற்குப் பிறகு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். தெரேஸுக்கு அவர் கத்தியதே தேவலை என்றாகிவிட்டது. கல்லறைத் திருநாள் வந்தது. அந்த வருஷம் பேர்களை அவரே எழுதினார். சவரிராயன் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது, பிறகு எழுதியது. காகிதத்தை மடித்துக்கொண்டே, “லாசரை வரச் சொல்லு,” என்றார்.

ஈஸ்டர் கழிந்து கலியாணம். ஆலீஸை அவர்தான் கைப்பிடித்து நடத்திப் போனார். அழைப்பிதழில் ஒப்ரியான் மட்டும் கொட்டை எழுத்து. அதை லாசர் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார். ஆலீஸ் இப்போது மதாம் சூசைநாதன், குடித்தனம் கூசேன்வில்லில். தெரேஸும் கபிரியேலும் பாரிஸை ஒட்டிய பொண்டி என்ற புறநகருக்கு மாறிவிட்டார்கள். முருங்கைக்காய்க்கு அங்கிருந்து தெரேஸ் தனியாகத்தான் வருகிறாள். கபிரியேலுக்கு நேரமில்லையாம். லூயி யாரிடம் வேலை பார்த்தார், அந்தப் பேரை எங்கே பார்த்தார் என்று புதுச்சேரிக்கு எழுதிக்கொண்டிருக்கிறாராம்.